வைத்திருந்தவனுக்கு என்ன தண்டனை?

சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, அன்பர்கள் காபி அருந்திப் பேசிக்கொண்டிருந்த வேளையில், பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று மாடிப்படி ஓரத்தில் நிறுத்தினார். ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர்; சங்கத்தின் வரவு செலவில் ஒரு ரூபாய் பிசகினாலும் தூக்கம் வராதவர். அன்று அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“வக்கீல் சார், எனக்கு ஜெயில் வருமா?” என்று கேட்டார்.

நடந்தது இதுதான். அவர் குடியிருக்கும் கட்டடத்தாரின் வாட்ஸ்அப் குழுவுக்கு யாரோ ஒருவர் அரை நிமிஷம் ஓடும் காணொளி ஒன்றை அனுப்பியிருக்கிறார். ஒரு சிறுமிக்கு இழைக்கப்பட்ட கொடுமை அதில் பதிவாகியிருந்தது. ‘இந்தப் பாதகன் பிடிபடும் வரை எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்று இந்தியில் ஒரு வேண்டுகோளும் கூடவே இருந்தது. பெரியவர் துடித்துப் போனார். பேத்தி வயதுக் குழந்தை! வேண்டுகோளைத் தமிழில் தாமே எழுதி, காணொளியுடன் சேர்த்து மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டார். அவற்றுள் ஒன்று அவருடைய சொந்த ஊர்க்காரர் குழு. மறுநாள் கல்லூரியில் படிக்கும் பேரன் அதைப் பார்த்துவிட்டு, “தாத்தா, இதை அனுப்பினதே குற்றம்” என்று சொல்லிவிட்டான். அன்றிரவு முதல் பெரியவருக்கு உறக்கமில்லை.

“இனி யாருக்கும் அனுப்பாதீர்கள் ஐயா. நாளைக் காலை காவல் நிலையத்துக்கு நானும் உடன் வருகிறேன்” என்று அவரைத் தேற்றி அனுப்பினேன். அவர் கேட்ட கேள்விக்கு இம்மாதம் இப்பகுதியில் விடை எழுதுகிறேன். பெண்களும் பிள்ளைகளும் படிக்கும் பத்திரிகையில் இவ்விஷயத்தை எழுதலாகுமா என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் தயங்கினார். அவர்கள் படிக்கிறார்கள் என்பதனாலேயே எழுதவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் 2012-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 14-ஆம் தேதி அமலுக்கு வந்தது. போக்சோ என்று பத்திரிகைகள் சுருக்கமாகக் குறிப்பிடுவது இச்சட்டத்தையே. பதினெட்டு வயது நிறையாத எவரும் இச்சட்டத்தின் கண்ணில் குழந்தையே. ஆண், பெண் என்ற வேற்றுமை இல்லை. 2019-ஆம் ஆண்டில் இது திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

படம் சம்பந்தமான குற்றங்களை இச்சட்டம் ஒரே மாதிரியாகக் கருதவில்லை. குழந்தையைப் பயன்படுத்தி அத்தகைய படத்தை உண்டாக்குகிறவன் ஒருவன். உண்டான படத்தை விற்றுக் காசு பார்ப்பவன் மற்றொருவன். பிறருக்குப் பரப்புவதற்காக வைத்திருப்பவன் வேறொருவன். அழிக்காமலும் அதிகாரிகளுக்குத் தெரிவிக்காமலும், பிறருக்குக் கொடுக்கும் எண்ணத்துடன் வைத்திருப்பவன் இன்னொருவன்.

படத்தை உண்டாக்குகிறவனுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டுச் சிறையும் அபராதமும் உண்டு. மீண்டும் செய்தால் குறைந்தது ஏழு ஆண்டு. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 2012-ல் இச்சட்டம் எழுதப்பட்டபோது இக்குற்றத்துக்கு ஐந்து ஆண்டு என்பது உச்ச வரம்பு. 2019-ல் அதே ஐந்து ஆண்டு கீழ் வரம்பாகிவிட்டது. கூரையாக இருந்ததைப் பெயர்த்துத் தரையாகப் பதித்துவிட்டார்கள்! ஆகவே, குற்றம் நிரூபணமானபின், முதல் தடவை, வயதானவர், குடும்பஸ்தர் என்று எந்த இரக்கக் காரணத்தைக் காட்டி வாதாடினாலும் நீதிபதியால் ஐந்து ஆண்டுக்குக் கீழே இறங்க இயலாது. படமெடுத்தவனே குழந்தையைத் தாக்கியவனுமாக இருந்தால், தாக்குதலுக்குரிய தண்டனையும் தனியே சேரும். அது பத்து ஆண்டு, இருபது ஆண்டு, ஆயுள் என்று ஏறிக்கொண்டே போய், மிகக் கொடியவற்றுக்குத் தூக்கு வரையிலும் சட்டத்தில் இடமிருக்கிறது.

வியாபாரத்துக்காக வைத்திருப்பவனுக்கு முதல் முறை மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை ஐந்து முதல் ஏழு ஆண்டு, அபராதமும் உண்டு. பரப்புவதற்காக வைத்திருப்பவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அழிக்காமலும் தெரிவிக்காமலும், பகிரும் எண்ணத்துடன் வைத்திருந்தவனுக்கோ சிறையே இல்லை. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். மீண்டும் செய்தால் பத்தாயிரத்துக்குக் குறையாதது.

ஐயாயிரந்தானா என்று வாசகர்கள் வியக்கலாம். அங்கேதான் இன்னொரு சட்டம் குறுக்கே வருகிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 67-பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. குழந்தைகளைப் பற்றிய இத்தகைய படங்களைத் தேடுவது, மேய்ந்து பார்ப்பது, இறக்கிக்கொள்வது, சேர்த்து வைப்பது, பரிமாறிக்கொள்வது ஆகிய அனைத்தும் அப்பிரிவின்படி குற்றங்கள். தண்டனை முதல் முறை ஐந்து ஆண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும். மறுமுறை ஏழு ஆண்டு வரை. ஒரே செய்கை இரண்டு சட்டங்களிலும் குற்றமானால், எது பெரிய தண்டனையோ அதன்படியே தண்டிக்கவேண்டும் என்று போக்சோ சட்டமே சொல்லிவிடுகிறது. ஆக, கைபேசியில் ஒரு படத்தை வைத்திருந்தவன் ஒரு சட்டத்தின்படி ஐயாயிரம் ரூபாய் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இன்னொரு சட்டத்தின்படி ஐந்து ஆண்டு உள்ளே இருக்கலாம். இரண்டும் ஒரே பாராளுமன்றம் இயற்றியவை.

இந்த ‘வைத்திருத்தல்’ என்ற சொல்லை ஒட்டியே நம் சென்னையிலிருந்து ஒரு வழக்கு டெல்லி வரை சென்றது. இளைஞர் ஒருவரின் கைபேசியில் இத்தகைய காணொளிகள் இரண்டு இருந்தன. அவற்றை அவர் யாருக்கும் அனுப்பியதாகச் சாட்சியமில்லை. தனிமையில் இறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரி 11-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்துச் செய்தது. குழந்தைகள் நலனுக்காக உழைக்கும் அமைப்புக்களின் கூட்டணி ஒன்று மேல் முறையீடு செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி, தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டு, வழக்கை மீண்டும் விசாரணைக்கு அனுப்பியது.

நீதிபதி பர்திவாலா எழுதிய அத்தீர்ப்பு நீண்டது. அதில் நம் வீடுகளுக்கு வேண்டியவை சில உண்டு. பிறருக்கு அனுப்பினால்தான் குற்றம் என்பதில்லை. அனுப்பும் எண்ணத்தோடு வைத்திருப்பதே குற்றம். அந்த எண்ணத்தை எப்படி அறிவது? மனத்தைத் திறந்து பார்க்க முடியாது. ஆகவே அழிக்காமலும் தெரிவிக்காமலும் இருந்த நிலைமையைக் கொண்டே நீதிமன்றம் ஊகிக்கலாம். அரசுத் தரப்பு அடிப்படை உண்மைகளை நிலைநாட்டிவிட்டால், தமக்குக் குற்ற எண்ணம் இல்லையென்று காட்டும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீது விழுகிறது. இறக்கிக்கொள்ளாமல் இணையத்திலேயே பார்த்தாலும், அவ்வேளையில் அப்படம் அவர் ஆளுகைக்குள் இருந்ததால் அதுவும் ‘வைத்திருத்தல்’ ஆகலாம். இன்னதென்று அறியாமல் ஓர் இணைப்பைத் திறந்துவிட்டு, கண்டதும் மூடிவிட்டவர் கதி என்ன? மூடினால் மட்டும் போதாது, உரியவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்கிறது தீர்ப்பு. இவ்விடம் எனக்குச் சற்றுக் கடுமையாகவே தோன்றுகிறது. அஞ்சி மூடிய கையைச் சட்டம் இவ்வளவு இறுகப் பிடிக்கவேண்டுமா என்று நண்பர்களுடன் வாதிட்டிருக்கிறேன். எனினும் இன்று அதுவே சட்டம்.

இப்படங்களுக்கு இதுவரை வழங்கிய பெயரையே அத்தீர்ப்பு விலக்கியது. ‘ஆபாசப் படம்’ என்னும்போது, வயது வந்தோர் இசைந்து நடித்தது என்ற எண்ணம் உடன் வருகிறது. குழந்தைக்கு இசைவு ஏது? ஆகவே, குழந்தையைப் பாலியல் முறையில் சுரண்டிய, வதைத்த செயலின் பதிவு என்று பொருள்படும் பெயரையே நீதிமன்றங்கள் ஆளவேண்டும் என்று அது பணித்தது. நம்மவர்கள் இதை வெறும் பெயர் மாற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. படத்தைப் பார்த்தவனின் ஒழுக்கக் கேட்டைத் தண்டிக்கிறோமா, படத்தில் இருக்கும் குழந்தைக்கு நேர்ந்த தீங்கைத் தண்டிக்கிறோமா என்ற கேள்விக்கு அது விடை சொல்கிறது.

அவ்விடையைத் தண்டனையின் அளவுக்குள் கொண்டுவருவது எப்படி? மூன்று ஆண்டு வரை, ஐந்து ஆண்டு வரை என்று சட்டம் சொல்லும்போது, அந்த ‘வரை’ என்ற சொல்லுக்குள் ஒரு நாள் சிறையும் அடங்கும். எந்த வழக்குக்கு எவ்வளவு என்பதற்கு நம் நாட்டில் எழுதப்பட்ட அளவுகோல் கிடையாது. அத்தகைய வழிகாட்டி வேண்டுமென்று நீதிபதி மளிமத் தலைமையிலான குழு 2003-லேயே பரிந்துரைத்தது. ஆகவே ஓர் ஊர் நீதிபதிக்கும் மற்றோர் ஊர் நீதிபதிக்கும் வேற்றுமை நேர்வதில் வியப்பில்லை.

நம் குற்றவியல் சட்டம் எந்த நாட்டாரின் கையால் முதலில் எழுதப்பட்டதோ அந்த இங்கிலாந்தில் இதற்கு அளவுகோல் உண்டு. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வழிகாட்டி, படங்களை அவற்றில் காணும் கொடுமையின் தரத்தை ஒட்டி ஏ, பி, சி என்று மூன்று வகையாக்கியது. வைத்திருத்தல், பரப்புதல், உண்டாக்குதல் என்று செய்கையையும் மூன்றாக்கியது. மிகக் கொடிய வகையை வைத்திருந்தவனுக்கு ஓராண்டுச் சிறை என்று தொடங்கி, நீதிபதி மேலோ கீழோ செல்லலாம். பரப்பினவனுக்கு மூன்று ஆண்டில் தொடக்கம். உண்டாக்கினவனுக்கு ஆறு ஆண்டில். குழந்தை மிகச் சிறிய வயதினதாக இருத்தல், அதன் வேதனை வெளிப்படத் தெரிதல், படங்களின் எண்ணிக்கை மிகுதி, நெடுங்காலம் வைத்திருந்தது, நம்பிக்கைக்குரிய பதவியைத் துர்ப்பிரயோகம் செய்தது ஆகியவை தண்டனையை ஏற்றும். முன் குற்றமின்மை, உண்மையான வருத்தம், திருந்துவதற்குத் தாமே எடுத்துக்கொண்ட முயற்சி ஆகியவை இறக்கும். சமூகத்தில் பெற்ற நற்பெயரைக் குற்றத்துக்கு மறைப்பாகப் பயன்படுத்தியிருந்தால், அந்த நற்பெயரே தண்டனையை ஏற்றும் காரணமாகிவிடும். நம் நீதிமன்றங்களில் இதை யாரேனும் எடுத்துச் சொன்னால் நன்று.

அளவுகோல் இருந்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்பதும் இல்லை. நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குச் சரியாக ஒரு வாரம் முன்னர், 2024 செப்டம்பர் 16-ஆம் தேதி, லண்டன் நீதிமன்றம் ஒன்று பி.பி.சி.யின் புகழ்பெற்ற செய்தி வாசிப்பாளராக இருந்த ஹியூ எட்வர்ட்ஸுக்குத் தண்டனை விதித்தது. அவருக்கு வாட்ஸ்அப் மூலம் வந்த படங்களில் 41 குழந்தைகள் சம்பந்தமானவை. அவற்றுள் ஏழு ஏ வகை. அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். விதித்தது ஆறு மாதச் சிறை. அதுவும் இரண்டு ஆண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அதாவது, அக்காலத்தில் வேறு குற்றம் செய்யாமலும் நீதிமன்றம் விதித்த சிகிச்சைக்கு உட்பட்டும் இருந்தால் சிறை செல்லவேண்டியதில்லை. ஏழாண்டுக்குப் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் பெயர் இருக்கும். அளவுகோலின்படி பிழையில்லாத தண்டனைதான். ஆனால் அந்நாட்டில் பலருக்கு அது ஏற்கவில்லை. படத்தில் இருந்த குழந்தைகளை அந்தக் கணக்கில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள்.

அக்குழந்தையைக் கணக்கில் எழுத முயன்ற வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. சிறு வயதில் வதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் படங்கள் உலகெங்கும் பரவிவிட்டன. வளர்ந்து பெரியவளான பின்னும், தன்னைத் தெருவில் காண்பவர் யாவரும் அப்படத்தைக் கண்டவரோ என்ற அச்சம் அவளை விடவில்லை. அவளுடைய படங்கள் இரண்டை வைத்திருந்த ஒருவன்மீது, தன் முழு நஷ்டமான ஏறக்குறைய 34 லட்சம் டாலரையும் அவனே ஈடு செய்யவேண்டுமென்று வழக்காடினாள். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து செய்த தீங்கில் ஒருவனின் பங்கு எவ்வளவு? அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014-ல், முழுத் தொகையும் அவன்மேல் விழாது, எனினும் அவன் பங்குக்கு ஏற்ற தொகை விழுந்தே தீரும் என்று ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்த்தது. அந்தப் பங்கை அளப்பது எளிதாக இல்லை. ஆகவே 2018-ல் ஒவ்வொருவனும் மூவாயிரம் டாலருக்குக் குறையாமல் கொடுக்கவேண்டுமென்று சட்டமே செய்துவிட்டார்கள். நம் போக்சோ சட்டத்திலும் தண்டனையுடன் குழந்தைக்கு இழப்பீடு அளிக்கும்படி சிறப்பு நீதிமன்றம் ஆணையிடலாம் என்று இருக்கிறது. ஆனால் அறியாத ஊரில், பெயர் தெரியாத குழந்தையின் படத்தை வைத்திருந்தவனிடம் அதைப் பெற்று யாருக்குக் கொடுப்பது?

நம் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். அவர் செய்தது குற்றமா? சட்டத்தின் எழுத்துப்படி ஆம். அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதற்கும் நீதிமன்றத்தில் சாட்சியமாக்குவதற்கும் மட்டுமே விலக்கு உண்டு. மூன்று குழுக்களுக்கு அனுப்பியது இவ்விரண்டிலும் அடங்காது. அவருடைய நல்லெண்ணம் எங்கே எடுபடும் என்றால், தண்டனையின் அளவில் எடுபடும். பரப்புதலுக்குச் சட்டம் கீழ் வரம்பு வைக்காதது இத்தகையோரைக் கருதித்தானோ என்றுகூட நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சிறுமிக்கு அவர் கோபம் தெரியாது. அவள் முகத்தை மேலும் மூன்று குழுக்களில் உள்ள முந்நூறு பேர் கண்டார்கள் என்பது மட்டுமே அவளுக்கு நேர்ந்தது.

இத்தகைய படம் வந்தால் செய்யவேண்டியதை 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்கின்றன. அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, குழந்தைகளுக்கான தனிக் காவல் பிரிவிலோ, மத்திய அரசின் இணையக் குற்றத் தளத்திலோ தெரிவிக்கவேண்டும். எந்தக் குழு, எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்துக்கொண்டால் போதும். ‘காட்டுவதற்காக’ நண்பருக்கு அனுப்பக் கூடாது. நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது அதற்காக வழக்கு வராது என்று சட்டம் உறுதி கூறுகிறது. குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ‘நமக்கேன் வம்பு, வந்த ஊரில்’ என்ற நம்மவர் வழக்கம் இங்கே செல்லாது.

வந்த ஊர் என்றதும் நினைவு வருகிறது. தீங்குக்கு ஆளானது நம் வீட்டுக் குழந்தையே என்றால், மராத்தியிலும் குஜராத்தியிலும் எழுதும் காவலரிடம் அது எப்படிச் சொல்லும் என்று தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். குழந்தைக்குப் புரியாத மொழியில் வாக்குமூலம் எழுதப்படுமானால் மொழிபெயர்ப்பாளரை அமர்த்தித் தரவேண்டும் என்பது சட்டம். நீதிமன்றச் சாட்சியத்துக்கும் அவ்வாறே. வாக்குமூலம் வாங்குபவர் சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தையின் வீட்டிலேயே வாங்கலாம். பெயர், படம், பள்ளி எதுவும் வெளிவரக் கூடாது. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள், கேட்டுப் பெறுங்கள்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பதினாறு வயதுப் பெண் தன் படத்தைத் தானே ஒரு பையனுக்கு அனுப்ப, அவன் அதை வகுப்புக்குக் காட்டினால், அவனும் இச்சட்டத்துக்குள் வருகிறான். பதினெட்டு நிறையாதவனாகையால் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவான்; அங்கே அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லத்தில் வைத்துத் திருத்த முயல்வார்கள். பதினெட்டு நிறைந்த மறுநாள் அதையே செய்தால், மேலே சொன்ன தண்டனைகள் யாவும் அவனுக்கு உண்டு. இதை வீட்டில் அதட்டாமல் சொல்லிவையுங்கள்.

மறுநாள் காலை பெரியவரும் நானும் காவல் நிலையம் சென்றோம். அங்கிருந்த பெண் அதிகாரி அவரை நாற்காலியில் அமர்த்தி, காணொளி முதலில் யாரிடமிருந்து வந்தது என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். முறையீட்டுக்கு ஓர் எண் கொடுத்தார். வெளியே வந்து தேநீர்க் கடை வாசலில் நின்றபடியே பெரியவர் மூன்று குழுக்களுக்கும் எழுதினார்: “நான் அனுப்பிய காணொளியைத் தயவுசெய்து யாரும் வைத்திருக்க வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம். தவறு என்னுடையது.”

ஐந்து நிமிஷத்தில் ஊர்க்காரர் குழுவிலிருந்து பதில் வந்தது. படித்துவிட்டுக் கைபேசியை என்னிடம் நீட்டினார். “எந்தக் காணொளி அண்ணா? நான் பார்க்கவில்லையே, மறுபடி அனுப்புங்கள்” என்றிருந்தது.